வசந்தம் வராத மூன்று பருவங்கள்: ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ கதை சொல்லும் முறை

தாயின் தொலைக்காட்சிப் பெட்டியை அடகு வைக்க மகன் வந்திருக்கிறான். இது முதல் முறை அல்ல என்பது இருவருக்குமே தெரியும். தாய் துணி வைக்கும் சிற்றறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு, சாவித் துவாரத்தின் வழியே அவனைப் பார்க்கிறாள். வீட்டைச் சூடேற்றும் இரும்புக் குழாயோடு பெட்டி சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பெற்ற மகனையே திருடனாக நினைக்கிறாயா என்று அவன் இரைய, சங்கிலி உனக்காக இல்லை, திருடர்களுக்காக என்று அவள் உள்ளிருந்தபடியே சமாதானம் சொல்கிறாள். பிறகு கதவின் அடி இடுக்கு வழியாகச் சாவியை வெளியே தள்ளிவிடுகிறாள். பெட்டி வாசலைத் தாண்டிப் போன பின், இறந்துபோன கணவனிடம் முணுமுணுப்பாகப் பேசுகிறாள்: இப்படியெல்லாம் நடக்கவில்லை, நடந்தாலும் பரவாயில்லை, கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும்.

டாரன் ஆரோனோஃப்ஸ்கி இயக்கி 2000-ஆம் ஆண்டில் வெளியான ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ இப்படித்தான் தொடங்குகிறது. இந்தச் சில நிமிடங்களுக்குள் திரை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஒரு பாதியில் மகன், மறு பாதியில் தாய். நடுவில் இருப்பது ஒரு கதவுதான் என்றாலும், இருவரும் ஒரே சட்டகத்துக்குள் வர முடியாதவர்கள் என்பதை வசனத்துக்கு முன்பே அந்தப் பிளவு சொல்லிவிடுகிறது. போதைப்பொருள் பற்றிய படம் என்று கேள்விப்பட்டு வந்து அமரும் பார்வையாளருக்கு முதலில் காட்டப்படுவது ஊசியோ பொட்டலமோ அல்ல. தொலைக்காட்சியை இழக்க முடியாத ஒரு விதவைத் தாயும், அவளுக்கும் மகனுக்கும் இடையில் கைமாறும் ஒரு சாவியும்தான். படத்தின் கதைசொல்லல் எங்கே வேர்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ஹூபர்ட் செல்பி ஜூனியர் 1978-இல் எழுதிய நாவலே படத்துக்கு மூலம். திரைக்கதையை அவரும் இயக்குநரும் சேர்ந்து எழுதினார்கள். செல்பி, காசநோய்ச் சிகிச்சைக் காலத்தில் பழகிய வலிநிவாரணிகளின் வழியே போதைக்கு ஆளாகி, அதிலிருந்து மீண்டவர். ஆகவே இந்தக் கதையில் மருத்துவரின் மருந்துச் சீட்டும் தெருமுனைப் பொட்டலமும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுவது வியப்பல்ல. களம் நியூயார்க் நகரின் ப்ரூக்ளின் பகுதியில், கடலோரத்தில் உள்ள கோனி தீவும் ப்ரைட்டன் பீச்சும். கேளிக்கைப் பூங்காவும் மரப்பலகை நடைபாதையும், ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதியதன் மிச்சமாக நிற்கும் பழைய கட்டடங்களும் படம் முழுவதும் பின்னணியில் இருக்கின்றன. பாத்திரங்கள் நால்வர். ஸாரா கோல்ட்ஃபார்ப் என்ற தாயாக எல்லன் பர்ஸ்டினும், மகன் ஹாரியாக ஜாரெட் லெட்டோவும், ஹாரியின் காதலி மாரியனாக ஜெனிஃபர் கானலியும், நண்பன் டைரோனாக மார்லன் வேயன்ஸும் நடித்திருக்கிறார்கள். இளையவர் மூவரும் போதைப்பொருளைப் பயன்படுத்துபவர்கள். அதையே வாங்கி விற்றுப் பணம் சேர்த்து, மாரியனுக்கு ஓர் ஆடைக் கடை திறந்து, ஒழுங்காக வாழ்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள். ஸாராவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தொலைக்காட்சியில் தோன்ற வேண்டும்; அதுவும் ஹாரியின் பள்ளி நிறைவு விழாவுக்கு அணிந்த அந்தச் சிவப்பு உடையில் தோன்ற வேண்டும்.

தமிழில் ‘போதை’ என்ற சொல் சாராயத்துக்கும் பதவிக்கும் புகழுக்கும் பொதுவாக வழங்குகிறது. பதவி போதை தலைக்கேறிவிட்டது என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அதை நாம் உருவகமாகக்கூட உணர்வதில்லை. இந்தப் படம் செய்திருப்பதும் ஏறக்குறைய அதுதான். தொலைக்காட்சி, உடல் எடை, இனிப்பு, பணம், காதல், ஹெராயின் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இலக்கணத்துக்குள் கொண்டுவந்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் கோட்டைப் படம் அழித்துவிடுகிறது. அந்தச் சமன்பாட்டை ஒரு பாத்திரம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தொகுப்பு சொல்கிறது. ஒலி சொல்கிறது.

ஹாரியும் நண்பர்களும் முதன்முறை போதை ஏற்றும் காட்சியைப் பார்த்தால் இது விளங்கும். பொட்டலம் பிரிகிறது, நெருப்பு பற்றுகிறது, கரைசல் கொதிக்கிறது, ஊசிக் குழாய் உறிஞ்சுகிறது, கண்மணி விரிகிறது. ஒவ்வொரு காட்சித் துணுக்கும் ஒரு வினாடிக்கும் குறைவாகவே நிற்கிறது. எல்லாமே திரையை நிறைக்கும் மிக நெருக்கமான காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் மிகைப்படுத்திய ஒரு சத்தம் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. கண்ணைத் தவிர முகம் கிடையாது. தம் முந்தைய படமான ‘பை’யில், அதாவது 1998-இலேயே ஆரோனோஃப்ஸ்கி இந்த உத்தியைக் கையாண்டிருந்தார், ஹிப்-ஹாப் இசையில் துண்டுகளை வெட்டி ஒட்டும் முறையிலிருந்து எடுத்ததால் இதற்கு ‘ஹிப்-ஹாப் மாண்டாஜ்’ என்று பெயரும் வைத்தார். 102 நிமிடம் ஓடும் இந்தப் படத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள் இருக்கின்றன. அதே நீளமுள்ள வழக்கமான படத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு என்று சொல்லலாம்.

வேகம் என்பது இங்கே வெறும் பகட்டாக நின்றுவிடவில்லை என்பதை வலியுறுத்தவே எண்ணிக்கையைக் குறிப்பிட்டேன். அந்த ஐந்தாறு துணுக்குகளும் முதலில் வரும்போது நமக்கே ஒரு கிளர்ச்சி உண்டாகிறது. இரண்டாம், மூன்றாம் முறை வரும்போது பல்லவி திரும்ப வருவதைப் போன்ற பழக்கம் உண்டாகிறது. ஏழாம், எட்டாம் முறை வரும்போது நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அது கடந்துபோய் அடுத்த காட்சி வரட்டும் என்றே காத்திருக்கிறோம். போதை தரும் இன்பம் படிப்படியாகத் தேய்ந்து, வெறும் கடமையாக, பசியைவிட மோசமான ஒரு தேவையாக மாறுவதை, பாத்திரங்கள் விளக்காமலே பார்வையாளரின் நரம்பில் நிகழ்த்திக் காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்பம் நீடிக்கும் நேரத்தைப் படம் வெட்டி எறிந்துவிட்டு, தயாரிப்புச் சடங்கை மட்டும் வைத்துக்கொள்கிறது.

இதே இலக்கணம் ஸாராவின் சாப்பாட்டு மேசைக்கு வரும்போதுதான் படத்தின் சூது புலப்படுகிறது. நிகழ்ச்சியில் கலந்துகொள்ளத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்று யாரோ தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். சிவப்பு உடையை எடுத்துப் போட்டுப் பார்த்தால் முதுகில் கொக்கி பூட்டவில்லை. எடை குறைக்கும் நூல் ஒன்றைப் பார்த்து அவள் எடுத்துக்கொள்ளும் காலை உணவு: ஒரு முட்டை, அரைப் பம்பளிமாசு, சர்க்கரை போடாத காப்பி. தட்டில் இருக்கிறது, அடுத்த வெட்டில் இல்லை. அதே நெருக்கக் காட்சிகள், அதே மிகையான சத்தம். சிரிப்பு வருகிறது. சாப்பிட்டு முடித்தவளின் கண் உடனே எங்கே போகிறது என்பதைப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. பிறகு மருத்துவர் எழுதித் தரும் எடை குறைக்கும் மாத்திரைகள் வருகின்றன. காலையில் ஊதா, நண்பகலில் நீலம், மாலையில் ஆரஞ்சு, இரவில் பச்சை. மாத்திரைக் குப்பி திறக்கும் ஒலியும் தொலைக்காட்சியை இயக்கும் பொத்தானின் ஒலியும் ஹாரியின் ஊசித் தொடரில் கேட்ட ஒலிகளின் உடன்பிறப்புகள். மகனுக்குத் தாய் தெரியாமலும் தாய்க்கு மகன் தெரியாமலும், இருவரும் ஒரே தாளத்தில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸாராவின் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவளுடைய அடிமைத்தனம் ஆசையிலிருந்து அல்ல, காத்திருப்பிலிருந்து பிறக்கிறது. இதைத் திரைக்கதை சிறு சிறு செயல்களால் கட்டியிருக்கும் விதம் அபாரமானது. அடுக்குமாடிக் கட்டடத்தின் சுவரோரம் முதிய பெண்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு வெயில் காய்கிறார்கள். தொலைக்காட்சி அழைப்பு வந்த செய்தி பரவியதும், வெயில் நன்றாக விழும் இடம் ஸாராவுக்கு ஒதுக்கப்படுகிறது. அவள் இன்னும் எதையும் சாதித்துவிடவில்லை. ஒரு படிவம்கூட வரவில்லை. ஆனால் நாற்காலி நகர்ந்துவிட்டது. மதிப்பு என்ற ஒன்று அவளுக்கு வாழ்க்கையில் கடைசியாக எப்போது கிடைத்தது என்று நாம் யோசிக்கத் தொடங்குகிறோம். தோழி ஒருத்தி அவள் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூச, அது ஆரஞ்சு நிறத்தில் போய் முடிகிறது. தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதே நாள்களின் அச்சாகிவிடுகிறது. மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பின்னர் நிலை மோசமாகி அவள் திரும்பச் செல்லும்போது அதே அறை கண்ணாடிக் குமிழுக்குள் இருப்பதுபோல வளைந்து தெரிகிறது. அவர் அப்போதும் பார்ப்பதில்லை. தெருவில் சரக்கு விற்பவன்கூட வாங்க வருபவனின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான் என்ற எண்ணம் அந்த இடத்தில் எனக்கு வராமல் போனதில்லை.

குளிர்சாதனப் பெட்டி இந்தக் கதையில் ஒரு பாத்திரமாகவே ஆகிறது. முதலில் அது ஒரு சபலம், அவ்வளவுதான். பிறகு உறுமத் தொடங்குகிறது, பிறகு நகர்கிறது, கடைசியில் அவளை நோக்கிப் பாய்கிறது. அவளுடைய மாத்திரைகளைப் போல, பசியை அடக்கி உடலைத் தூண்டும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை அளவுக்கு மீறி, நீண்ட நாள் எடுத்துக்கொள்பவர்களுக்கு உறக்கம் கெடுவதும், பற்களை நறநறவென்று கடிப்பதும், யாரோ தன்னைக் குறிவைக்கிறார்கள் என்ற சந்தேகமும், இல்லாததைக் காண்பதும் மருத்துவம் நன்கறிந்த விளைவுகள். படம் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய நோய்க்குறிப்பு எழுதும் ஒழுங்கில் கொண்டுவருகிறது. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தவர்கள் வரவேற்பறைக்கே இறங்கி வந்து அவளையும் அவள் வீட்டையும் பார்த்துச் சிரிக்கும் காட்சியில் நம்மைத் தாக்குவது நோய்க்குறி அல்ல. அவளுடைய வெட்கம். தரைவிரிப்பின் நைந்த ஓரத்தையும் பழைய நாற்காலியையும் பற்றி அவள் அவர்களுக்கு விளக்கம் சொல்ல முற்படும் தவிப்பு, எந்தப் பேய்ப்படத்திலும் கிடைக்காத அச்சத்தைத் தருகிறது.

படத்தின் மையம் என்று ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால், ஹாரி தாயைப் பார்க்க வரும் காட்சியைத்தான் சொல்வேன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. தாய்க்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, அதைச் சொல்ல வந்திருக்கிறான். மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து பேசும்போது அவளுடைய பற்கள் உரசும் சத்தம் அவன் காதில் விழுகிறது. அது என்ன சத்தம் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்து என்று அவன் கெஞ்சுகிறான். போதைக்காரன் ஒருவனின் வாயிலிருந்து வரும் அந்த அறிவுரை அத்தனை நியாயமாகவும் அத்தனை பயனற்றதாகவும் இருக்கிறது. அப்போது அவள் பேசத் தொடங்குகிறாள். காலையில் எழுந்திருக்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது. எல்லோருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது. உன் தந்தை போய்விட்டார், நீயும் போய்விட்டாய், நான் சமைத்துப் போடவும் துவைத்துப் போடவும் யாரும் இல்லை. நான் தனியாக இருக்கிறேன், எனக்கு வயதாகிவிட்டது. இந்தப் பொருளில் அவள் பேசிக்கொண்டே போகும் நீண்ட பேச்சில் வெட்டு மிக அரிதாகவே விழுகிறது. அதுவரை வினாடிக்கு வினாடி கத்தரித்துக்கொண்டிருந்த படம், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒளிப்பதிவாளர் மாத்யூ லிபாட்டிக் அழுதுகொண்டே படம்பிடித்ததால் சட்டகம் சற்று நழுவியதாகவும், அந்தப் பதிவையே படத்தில் வைத்துக்கொண்டதாகவும் இயக்குநர் பின்னர் கூறியிருக்கிறார். அந்த நழுவலைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் காட்சி அதே அளவுக்கு நிற்கும். பர்ஸ்டின் இந்த நடிப்புக்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், விருது கிடைக்கவில்லை.

அங்கிருந்து கிளம்பிய ஹாரி வாடகைக் காரின் பின் இருக்கையில் அழுகிறான். தாய்க்காக அழுகிறான் என்று நாம் நெகிழும் அதே கணத்தில் அந்தப் பழைய தொடர் வந்து வெட்டுகிறது: பொட்டலம், நெருப்பு, கண்மணி. அழுகை நின்றுவிடுகிறது. ஒரு மனிதனின் துயரத்தைக்கூட அடுத்த ஊசிக்கான சாக்காக மாற்றிவிடும் வல்லமை போதைக்கு உண்டு என்பதை இந்த ஒற்றை வெட்டு சொல்லிவிடுகிறது. இங்கே படம் தன் உத்தியைத் தன் பாத்திரத்துக்கு எதிராகவே திருப்பியிருக்கிறது.

காதலர்களின் கதையிலும் இதே பிளவுத்திரை இன்னொரு பொருளில் திரும்ப வருகிறது. ஹாரியும் மாரியனும் அருகருகே படுத்து ஒருவரை ஒருவர் வருடிக்கொண்டு காதல் மொழி பேசும் காட்சியில், ஒரு பாதியில் முகமும் மறு பாதியில் தோலில் ஊரும் விரல்களுமாகத் திரை இரண்டாகவே இருக்கிறது. முதல் பார்வையில் இது அழகிய கவிதை. இரண்டாம் பார்வையில், இத்தனை நெருக்கத்திலும் அவர்களை ஒரே சட்டகத்தில் வைக்கப் படம் மறுத்திருப்பது உறைக்கிறது. சரக்குக்குத் தட்டுப்பாடு வரும்போது, பணத்துக்காக மாரியனை அவளுடைய மனநல மருத்துவரிடம் அனுப்பும் யோசனையை முன்வைப்பவன் அதே ஹாரிதான். அவள் அந்த வீட்டிலிருந்து வெளியேறி நடக்கும்போது நடிகையின் உடம்பிலேயே பூட்டிய கேமரா அவள் முகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, உலகம் அவளைச் சுற்றி ஆடுகிறது. தெருவில் மழை, அவள் வாந்தியெடுக்கிறாள். ஸ்னோரிகேம் எனப்படும் இந்தக் கருவியைத் துப்பாக்கிச்சூட்டிலிருந்து தப்பி ஓடும் டைரோனுக்கும், மூளை கலங்கிய ஸாராவுக்கும் படம் பயன்படுத்துகிறது. தன் உடம்பே தனக்குச் சிறையாகிவிட்ட நிலைக்கு இப்படி ஒரு காட்சி வடிவம் கொடுத்தது பின்னாளில் எத்தனையோ படங்களில் வெறும் விளையாட்டாக நகலெடுக்கப்பட்டது.

கதை அமைப்பில் கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பெயரும் திரையில் தடாலென்று வந்து விழுகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் இலையுதிர் காலத்தைக் குறிக்கும் ‘ஃபால்’ என்ற சொல்லுக்கே வீழ்ச்சி என்றும் பொருள் உண்டு. அந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர வழியில்லை. நான்காவது பருவமான வசந்தம் வருவதே இல்லை. எல்லாத் திருப்பங்களையும் வெளியிலிருந்து வரும் விதி நடத்துவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஸாரா மாத்திரை அளவைத் தானே கூட்டிக்கொள்கிறாள். இளையவர்கள் விற்க வைத்ததைத் தாங்களே ருசி பார்க்கிறார்கள். சேர்த்து வைத்த பணத்தின் பெரும்பகுதி டைரோனைச் சிறையிலிருந்து மீட்கவே கரைகிறது. ஒவ்வொரு படியிலும் அவர்கள் செய்வது அந்த நேரத்துக்கு அறிவான செயலாகவே தெரிகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். நால்வரில் டைரோனுக்குத் திரைக்கதை மிகக் குறைவாகவே கொடுத்திருக்கிறது. தாயின் மடியை நோக்கி ஓடும் சிறுவனின் நினைவு ஒன்றுதான் அவனுக்கு உள்ள அகவாழ்க்கை. தென் மாநிலச் சிறையில் அவன் கறுப்பின இளைஞன் என்பதால் படும் அவமானம் சில கணங்களில் கடந்துபோகிறது. அங்கே சிரித்துக்கொண்டே அவனைச் சீண்டும் காவலராக நாவலாசிரியர் செல்பியே தலைகாட்டுகிறார் என்பது சினிமா ஆர்வலர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல். மார்லன் வேயன்ஸ் நகைச்சுவை நடிகராக அறியப்பட்டவர். கிடைத்த சிறு இடத்தில் அவர் காட்டும் நிதானத்தைப் பார்க்கும்போது, இன்னும் நான்கு காட்சிகளாவது கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எழுகிறது.

இரண்டாவது குறை மருத்துவ உண்மை சார்ந்தது. ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருள்கள் கண்மணியைச் சுருக்கும், விரிக்காது. அவசர சிகிச்சைப் பிரிவில் அபினி வகைப் போதையை அடையாளம் காண உதவும் முதல் குறிகளில் ஒன்றே ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணிதான். படத்தின் முத்திரைக் காட்சியே இதில் தலைகீழாக இருக்கிறது. காட்சியின் வீச்சுக்காக வேண்டுமென்றே செய்திருக்கலாம். ஆனால் ஸாராவின் நோய்க்குறிகளில் அத்தனை கவனம் காட்டிய படம் இங்கே வழுக்குகிறது. அதேபோல ஸாராவுக்கு மயக்க மருந்தே இல்லாமல் மின்அதிர்ச்சிச் சிகிச்சை கொடுப்பதாகக் காட்டுவதும் காலத்துக்குப் பொருந்தாதது. படம் எடுக்கப்பட்ட காலத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்த பிறகுதான் அந்தச் சிகிச்சை செய்யப்பட்டது. கடும் மனச்சோர்வில் பலருக்கு உயிர்காக்கும் ஒரு சிகிச்சையைத் திரைப்படங்கள் தொடர்ந்து சித்திரவதைக் கருவியாகவே காட்டுவதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. மாறாக, ஹாரியின் கையில் ஊசி குத்திய இடம் அழுகி, கறுத்து, கடைசியில் கையையே துண்டிக்க நேர்வது மிகை அல்ல. சுத்தமற்ற ஊசிகளால் நேரும் தொற்று இந்த அளவுக்குப் போவது உண்மையில் நடப்பதுதான்.

இசையைப் பற்றிச் சில வரிகள் போதும். கிளிண்ட் மான்சல் எழுதி, குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நான்கு நரம்பிசைக் கலைஞர்களின் குழு வாசித்த மையக் கருப்பொருளை, படத்தைப் பார்க்காதவர்களும் எங்காவது கேட்டிருப்பார்கள். 2002-ஆம் ஆண்டில் ஒரு போர்க் காவியப் படத்தின் முன்னோட்டத்துக்காக அது பெரும் வாத்தியக் குழுவோடு மாற்றி அமைக்கப்பட்டு, பிறகு விளையாட்டு நிகழ்ச்சிகள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. விளைவு, இன்று படத்தைப் புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த இசை வீரத்தை நினைவூட்டும் அபாயம் இருக்கிறது. ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டுப் பாருங்கள். மூலத்தில் அது மேலே ஏறும் இசையே அல்ல. ஒரே இடத்தில் சுழன்று சுழன்று அழுத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும் இசை.

அந்த அழுத்தம் உச்சம் தொடும் குளிர்காலப் பகுதியில்தான் எனக்குப் படத்தோடு மனத்தாங்கல். நான்கு அழிவுகளும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, வேகம் கூடிக்கூடி, மருத்துவமனை, சிறை, அறுவை மேசை, பணக்காரர்களின் கேளிக்கை அறை என்று மாறி மாறிப் பாய்கின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால், படத்தொகுப்பு மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தகுந்த பகுதி இது. ஆனால் முதல் ஒரு மணி நேரம் மனிதர்களாக இருந்தவர்கள் இங்கே எடுத்துக்காட்டுகளாகச் சுருங்கிவிடுகிறார்கள். மாரியனுக்கு நேரும் இழிவைக் காட்டும் கேமராவுக்கும், அந்த அறையில் நின்று வேடிக்கை பார்க்கும் ஆண்களின் கண்ணுக்கும் இடையில் போதிய தூரம் இல்லை என்றே படுகிறது. இந்தப் பகுதியின் காரணமாகவே அமெரிக்கத் தணிக்கைக் குழு 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பார்க்கக்கூடாது என்ற கடுமையான சான்றை வழங்க, வெட்ட மறுத்து, சான்றே இல்லாமல் படம் வெளியிடப்பட்டது. வெட்ட மறுத்ததில் தவறில்லை. அதே பகுதியில், மிக அமைதியாக எடுக்கப்பட்ட ஒரு தொலைபேசி உரையாடல்தான் அத்தனை அலறலையும் மிஞ்சி நிற்கிறது என்பதே என் வாதம். வெகுதூரத்தில் இருக்கும் ஹாரியிடம், எப்போது வருவாய் என்று மாரியன் கேட்கிறாள். சீக்கிரம் என்கிறான். இன்றைக்கே வர முடியுமா என்கிறாள். வருகிறேன் என்கிறான். வர மாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். முதல் காட்சியில் சங்கிலி யாருக்காக என்பது தாய்க்கும் மகனுக்கும் தெரிந்திருந்ததைப் போலவே. வன்முறை எதுவும் இல்லாத இந்தச் சில வரிகளில் இருக்கும் வலி, அதன் பின் வரும் பத்து நிமிடப் புயலில் இல்லை.

மனத்திடம் இல்லாத நாளில் இதைப் பார்க்க வேண்டாம். சிறுவர்களோடு சேர்ந்து எந்த நாளிலும் பார்க்க வேண்டாம். போதையிலிருந்து மீள முயல்பவர்களுக்கோ அவர்களுடைய குடும்பத்தாருக்கோ பாடம் புகட்டும் படமாக இதைப் பரிந்துரைக்கவும் நான் தயங்குவேன். மீட்சிக்கான ஒரு வாசலைக்கூட இந்தக் கதை திறந்து வைக்கவில்லை. நிஜ வாழ்க்கையில், நூலாசிரியரின் வாழ்க்கையிலேயே, அந்த வாசல் இருந்தது.

புயல் ஓய்ந்த பின் நால்வரும் அவரவர் கிடக்கும் இடத்தில், கருவில் இருக்கும் சிசுவைப் போல ஒருக்களித்துச் சுருண்டுகொள்கிறார்கள். மாரியன் மார்போடு அணைத்திருப்பது பொட்டலத்தை. பிறகு கேமரா ஸாராவிடம் போய், அவளுடைய தலைக்குள் நுழைந்துவிடுகிறது. மேடை ஒளிர்கிறது, சிவப்பு உடை கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. தொகுப்பாளர் அவளுக்குக் கிடைத்த பரிசை அறிவிக்கிறார்: உங்கள் மகன் ஹாரி சொந்தத் தொழில் தொடங்கிவிட்டான், மாரியனை மணக்கப் போகிறான், வரும் கோடையில் திருமணம். கைகள் இரண்டும் முழுதாக உள்ள ஹாரி மேடைக்கு வந்து தாயைக் கட்டிக்கொள்கிறான். பிளவுபடாத ஒரே திரையில், ஒரே சட்டகத்தில், இருவரும்.